சலவைக்கல்லில் அழுகிறவர்கள்

சென்னைக் கோட்டைக்குள் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உயிரோடு இருக்கும் யாரையாவது பார்க்கப் போகிறவர்கள். மந்திரியைப் பார்க்க வேண்டும், செக்ரடரியைப் பார்க்க வேண்டும், அது முடியாவிட்டால் செக்ரடரியின் வாசலில் நிற்கும் சேவகரையாவது பார்க்க வேண்டும். கையில் மனு, முகத்தில் கவலை. செத்தவர்களைப் பார்ப்பதற்கென்று அங்கே போகிறவர்கள் வெகு சிலர். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

என்னை அழைத்துப் போனவர் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். எல்லாரும் அவரை ‘வாத்தியார்’ என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பழைய மாதாகோயில்களுக்கும் சமாதிகளுக்கும் கிளம்பிவிடுவார். காசு வாங்குவதில்லை. நடந்து முடிந்ததும் யாராவது ஒரு நல்ல காபி வாங்கிக் கொடுத்தால் மறுப்பதுமில்லை. கோட்டை வாசலில் போலீஸ்காரர், “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டார்.

“மன்றோ துரையை” என்றார் வாத்தியார்.

“எந்த டிபார்ட்மெண்ட்?”

“ரெவினியூ” என்றார் வாத்தியார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்த மனிதரைப் பற்றி இதைவிடச் சரியான பதில் சொல்ல முடியாது. போலீஸ்காரர் எங்கள் பைகளைச் சோதித்துவிட்டு உள்ளே விட்டார்.

செயிண்ட் மேரி மாதாகோயில் 1680-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி திறக்கப்பட்டது. ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் என்ற கவர்னர் சந்தா வசூல் செய்து கட்டிய கோயில். கோட்டையில் இருந்த இங்கிலீஷ்காரர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். ஆகவே கணக்கு மிகவும் சுத்தமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாசலுக்கு வருமுன்பே நாம் சமாதிக் கற்களின் மேல்தான் நடக்கிறோம். கோயிலின் வடக்குப் புறத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கற்கள் தரையாகப் பாவப்பட்டிருக்கின்றன. எனக்குச் செருப்பைக் கழற்றிவிடலாமா என்று தோன்றியது. வாத்தியார் சிரித்தார்.

“தாராளமா நடங்க. இதுக்கு அடியிலே யாருமே இல்லை.”

அந்தக் கற்களின் கதை ஒரு நாவலுக்குக் காணும். அவை முதலில் இருந்தது இங்கே அல்ல. பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்த பழைய இடுகாட்டில். 1758-ம் வருஷக் கடைசியில் பிரெஞ்சுக்காரனான லாலி கோட்டையை முற்றுகையிட வந்தான். இடுகாட்டில் உயர உயரமாக நின்ற சமாதிகள் அவனுடைய சிப்பாய்களுக்குப் பதுங்கிச் சுட வசதியாக அமைந்துவிட்டன. முற்றுகை முடிந்ததும் இங்கிலீஷ்காரர்கள் முதற்காரியமாகத் தங்கள் முன்னோர்களின் சமாதிகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எழுத்து வெட்டிய கற்களை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து இந்தக் கோயிலைச் சுற்றிப் பரப்பினார்கள். அதோடும் அந்தக் கற்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1782-ல் ஹைதர் அலியின் பயம் வந்தது. கற்களை மறுபடியும் பெயர்த்துக் கோட்டை மதிலில் பீரங்கிகளுக்குப் பீடமாகப் போட்டார்கள். பயம் தெளிந்த பிறகு திரும்பவும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். சில கற்கள் உடைந்திருப்பதற்கு அதுதான் காரணம். ‘இங்கே இளைப்பாறுகிறார்’ என்று எழுதி வைத்த கல்லுக்கு இத்தனை உத்தியோக மாற்றம்!

பழைய இடுகாட்டில் இரண்டே சமாதிகளை மட்டும் இடிக்காமல் விட்டுவைத்தார்கள். ஒன்று, ஊசிபோல் நிமிர்ந்த கோபுரம். அதன் அடியில் ஜோஸப் ஹின்மர்ஸ் என்ற கும்பினி உத்தியோகஸ்தரும், டேவிட் ஏல் என்ற குழந்தையும் இருக்கிறார்கள். ஹின்மர்ஸ் 1680-ல் இறந்தார். அவருடைய விதவையை அதே வருஷம் நவம்பர் 4-ந் தேதி, இந்தக் கோயில் திறந்து சரியாக ஒரு வாரத்தில், எலிஹு ஏல் கல்யாணம் செய்துகொண்டார். இங்கே நடந்த முதல் கல்யாணம் அதுதான். பின்னால் கவர்னராகி, அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலைக்குத் தம் பெயரைக் கொடுத்த அதே ஏல் துரை. அவர்களுடைய மகன் டேவிட் சின்ன வயசிலேயே போய்விட்டான். அந்த அம்மாள் இரண்டாம் புருஷனின் குழந்தையை முதல் புருஷனின் பக்கத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். இதை வாத்தியார் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே நடந்தார். எனக்கு அங்கிருந்து நகரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கற்களில் இங்கிலீஷ், லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் என்று பல பாஷைகள். எலிஸபெத் பேக்கர் என்ற துரைசானியின் கல்லில் 1652 என்ற வருஷம் இருக்கிறது. இந்தியாவில் உள்ள இங்கிலீஷ் சமாதி எழுத்துக்களில் அதுதான் மிகவும் பழையது என்பார்கள். எங்கு பார்த்தாலும் இளவயசுச் சாவுதான். இங்கிலாந்தில் குளிருக்குப் பிறந்து, நம் ஊர் வெயிலுக்கும் பேதிக்கும் ஈடுகொடுக்க முடியாமல் போன பெண்களும் குழந்தைகளும். சண்டையில் செத்தவர்களுக்குப் பெரிய எழுத்து. பிரசவத்தில் செத்தவர்களுக்குச் சின்ன எழுத்து. அது கல்வெட்டுக்காரனின் குற்றமல்ல.

உள்ளே போனால் நல்ல குளிர்ச்சி. சுவர்கள் நாலடி கனம். கூரை பீப்பாயைக் கவிழ்த்தாற்போல் வளைந்து, இரண்டடி கனத்துக்குச் செங்கல்லால் கட்டப்பட்டிருக்கிறது. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று. ஆண்டவனை வணங்கும் இடத்தையும் வெடிகுண்டுக்குப் பயந்து கட்டியதில் ஒரு யோக்கியமான வெளிப்படைத்தனம் இருக்கிறது. ஞானஸ்நானத் தொட்டி பல்லாவரத்துக் கருங்கல். கல்கத்தா நகரத்தை ஆரம்பித்து வைத்த ஜாப் சார்னக்கின் மூன்று பெண்களுக்கும் 1689-ல் ஞானஸ்நானம் நடந்தது இந்தக் கோயிலில்தான். அதே பல்லாவரத்துக் கல்தான் கல்கத்தாவில் சார்னக்கின் சமாதிக்கும் போயிற்று. 1893-ல் ஹாலண்ட் என்ற மண்ணியல் நிபுணர் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ந்து, அந்த ஜாதிப் பாறைக்கே ‘சார்னக்கைட்’ என்று பெயர் வைத்துவிட்டார். பூமி பிறந்த காலத்திலிருந்து பல்லாவரத்தில் கிடந்த பாறை. பெயர் மட்டும் கல்கத்தாவில் செத்தவருடையது.

கிளைவ் கல்யாணம் செய்துகொண்ட இடம், 1761-ல் புதுச்சேரியிலிருந்து எடுத்து வந்ததாகச் சொல்லும் இராப்போஜனப் படம், இவற்றையெல்லாம் வேகமாகக் கடந்தோம். ‘இன் மெமோரியம்’ என்ற இரண்டே சொற்களுக்கு மேல் ஒன்றுமில்லாத ஒரு கல்லின் அருகில் வாத்தியார் நின்றார். அது பிகட் பிரபுவின் கல் என்று நம்புகிறார்கள். கவர்னராக இருக்கும்போதே தம்முடைய கவுன்சில் அங்கத்தினர்களாலேயே 1776-ல் கைதுசெய்யப்பட்டு, அடுத்த வருஷம் காவலிலேயே இறந்தவர். பெயரை எழுதக்கூடப் பயந்திருக்கிறார்கள். மன்றோ துரை 1827-ல் காலராவில் இறந்தார். முதலில் வேறோர் ஊரில் புதைத்து, 1831-ல் இங்கே எடுத்து வந்தார்கள். தீவுத்திடலில் அங்கவடி இல்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஆசாமிக்கு இங்கே இத்தனை எளிமையான இடமா என்று எங்களில் சிலருக்கு ஏமாற்றம்.

அப்புறம் நாங்கள் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் வந்து நின்றோம்.

ஷ்வார்ட்ஸ் ஜெர்மனியில் 1726-ல் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, அப்புறம் ஊருக்குத் திரும்பாமலே 1798-ல் தஞ்சாவூரில் இறந்தவர். அவருடைய ஞாபகமாகக் கிழக்கிந்தியக் கும்பினியார் லண்டனில் இளைய ஜான் பேக்கன் என்ற சிற்பியிடம் செய்வித்துக் கப்பலேற்றி அனுப்பிய சலவைக்கல் சிற்பம் இது. கிழவர் மரணப்படுக்கையில் கிடக்கிறார். இன்னொரு பாதிரியார் அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். படுக்கையைச் சுற்றிச் சின்னக் குழந்தைகள். ஒரு குழந்தை அவர் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் கிழவர் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. அவருடைய மற்றொரு கை மேலே உயர்ந்திருக்கிறது. அங்கே ஒரு தேவதூதன் சிலுவையைச் சுமந்துகொண்டு இறங்கி வருகிறான்.

வாத்தியார் எல்லாவற்றையும் அழகாக விளக்கினார். எங்களோடு வந்திருந்த ஒரு பெண்மணி, பாங்கியில் வேலை பார்க்கிறவர், அதுவரையில் வாயே திறக்காதவர், கேட்டார்:

“சார், அந்தக் கையைப் புடிச்சுண்டு இருக்கற பையன் யாரு?”

“மிஷன் பள்ளிக்கூடத்துக் குழந்தை.”

“பேரு?”

“பேரெல்லாம் எங்கேம்மா தெரியும்? சும்மா ஒரு குழந்தை.”

“செத்தவருக்குப் பேர் இருக்கு. தலையைப் பிடிச்சுண்டு இருக்கறவர் யாருன்னு சொல்றேள். மேலேயிருந்து இறங்கறவரைக்கூடத் தெரியறது. அழற குழந்தைக்கு மட்டும் பேர் இல்லையா?”

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஆசிரியர்கள் கண்ணாடி துடைப்பது எதற்காக என்று பள்ளிக்கூடத்தில் படித்த எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கோயிலில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஜோஸையா வெப் என்ற தலைமைச் செயலாளருக்கு ஃபிளாக்ஸ்மன் செய்த சின்னம் ஒன்று அங்கே இருக்கிறது. வெப் 1804-ல் இறந்தார். நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். அவருக்காக மைசூர் திவான் பூர்ணய்யாவே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்தூண் நாட்டினார். இங்கே உள்ள சலவைக்கல்லில் வெப்புக்காகத் துக்கம் காக்கிறவர்களில் வெள்ளைக்காரர்களோடு நம் மனிதர்களும் நிற்கிறார்கள். கதீட்ரல் ரோடில் உள்ள செயிண்ட் ஜார்ஜ் கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான். ஹீபர் என்ற பிஷப் 1826-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி திருச்சிராப்பள்ளியில் காலையில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் நடத்திவிட்டு, குளிக்கப் போன இடத்தில் குளத்துத் தண்ணீரில் இறந்து போனார். சான்ட்ரி என்ற பெரிய சிற்பி அவரை, இந்தியர்களின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறவராகச் செதுக்கியிருக்கிறார். பிஷப்பின் அங்கியில் ஒவ்வொரு மடிப்பும் துணிதான், கல் அல்ல என்று சத்தியம் செய்யலாம். முழங்காலிட்டிருப்பவர்களின் பெயர்? அங்கேயும் இல்லை.

இந்தச் சிற்பிகளில் ஒருவரும் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஃபிளாக்ஸ்மன் ஏழு வருஷம் ரோமாபுரியில் இருந்து கிரேக்கச் சிலைகளைக் கண்ணில் நிரப்பிக்கொண்டு 1794-ல் லண்டனுக்குத் திரும்பியவர். நம் ஊர் ஆளைச் செதுக்கச் சொன்னால், கிரேக்கனுக்குத் தலைப்பாகை கட்டினால் முடிந்தது. முகத்தில் துக்கம் வேண்டும், அதுவும் அளவோடு. நம் வீட்டுச் சாவில் அழுகிறாற்போல் தலைவிரி கோலமாக, மண்ணில் புரண்டு அழுதால் சலவைக்கல்லின் மானம் போய்விடும். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கையால் நெற்றியைத் தாங்கினாற்போல் நிற்க வேண்டும். இப்படி ஒழுங்காக அழுகிறவர்களைப் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கட்டி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு கப்பலில் அனுப்பினார்கள். பட்டணத்துக் கரையில் துறைமுகம் இல்லாத காலம். மசூலாப் படகில் அலைமேல் ஏற்றி இறக்கிக் கரை சேர்த்தவர்களும் நம் ஆட்கள்தான். தங்கள் துக்கம் பெட்டிக்குள் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திராது.

கூலிக்கு மாரடிப்பது என்று நம் பாஷையில் ஒரு சொல் உண்டு. ஒப்பாரி சொல்லவென்றே வருகிற கிழவிகளை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பொய்யர்கள் என்று நான் நினைத்ததில்லை. அந்தக் கிழவி யார் வீட்டுச் சாவை முன்னிட்டோ தன் வீட்டுச் சாவைத்தான் அழுதாள்; கூலி ஒரு சாக்கு. நமக்கும் சமாதிச் சிற்பம் உண்டு. மாடு மீட்டுச் செத்த வீரனுக்கு நடுகல் நட்டார்கள். அதில் வில்லோடு நிற்கிறவன் செத்தவனேதான். பக்கத்தில் அழ யாரையும் வைக்கவில்லை. அழுவது ஊர்க்காரர்களின் வேலை என்று சிற்பி விட்டுவிட்டான். இங்கிலீஷ்காரர்கள் புத்திசாலிகள். நாளைக்கு நாங்கள் இல்லாவிட்டால் நீங்கள் அழுவீர்களோ மாட்டீர்களோ என்று, அழுகையையும் முன்கூட்டியே கல்லில் அடித்து வைத்துவிட்டார்கள். எனக்கு இதில் கோபம்கூட வரவில்லை. அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க, இவர்களில் ஒருவனாவது நிஜமாக அழுதானா என்றுதான் தெரிந்துகொள்ளத் தோன்றியது.

வாத்தியாரிடம் காபிக் கடையில் இதைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அப்படின்னா நீங்க தஞ்சாவூர் போகணும்” என்றார். “அதே சாவு. வேற கல்.”

போனேன். பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் சிவகங்கைத் தோட்டம் இருக்கிறது. குழந்தைகள் ஊஞ்சலாடும் இடத்தைத் தாண்டி உள்ளே போனால் சாதாரணமான ஒரு மாதாகோயில். 1779-ல் ஷ்வார்ட்ஸ் கட்டியது. பெரிய கோயிலுக்கு வருகிற ஜனசமுத்திரத்தில் ஒரு துளிகூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை. சாவியை வைத்திருந்த பெரியவர் ஒருவர், தோளில் துண்டும் கையில் கொத்துச் சாவியுமாக வந்தார். அவருக்கு வருஷங்கள் தெரியாது. லத்தீன் தெரியாது. கதவைத் திறந்து, என்னை நேரே மேற்குப் புறச் சுவருக்கு அழைத்துப் போய் நிறுத்தினார்.

“கையைப் பாருங்க ஐயா” என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

இதுவும் சலவைக்கல். இதுவும் லண்டனில், ஃபிளாக்ஸ்மன் செய்தது. இங்கேயும் ஷ்வார்ட்ஸ் படுக்கையில் கிடக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே பாதிரியார் நிற்கிறார். பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் தேவதூதன் இல்லை. மேலேயிருந்து யாரும் இறங்கி வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், தம் ஆட்கள் இருவரோடு, தலைப்பாகை அணிந்த ஒரு வாலிபர் வந்து நிற்கிறார். கிழவரின் கை அவர் கையில் இருக்கிறது. கிழவரும் அவரைத்தான் பார்க்கிறார்.

அந்த வாலிபருக்குப் பெயர் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி. இந்தக் கல்லைச் செய்வித்தவரும் அவரே.

துளஜா மகாராஜா 1787-ல் சாகும் தறுவாயில் பத்து வயசுப் பையனைத் தத்து எடுத்து, ஷ்வார்ட்ஸைக் கூப்பிட்டு ஒப்புவித்தார். பாதிரியார் அந்தப் பொறுப்பைத் தனியாக ஏற்க மறுத்தார். ராஜாவின் சகோதரர் அமர்சிங்கைக் கார்டியனாகப் போடச் சொன்னார். அமர்சிங் சீக்கிரமே தாமே ராஜாவாகிவிட்டார். பையன் படிப்பில்லாமல் காவலில் கிடந்தான். பாதிரியார் விடவில்லை. மனுமேல் மனு எழுதி, 1793-ல் அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் சரஸ்வதி மகாலைப் பெருக்கியவர். உலகத்துப் புஸ்தகங்களையெல்லாம் வாங்கிக் குவித்தவர். ஷ்வார்ட்ஸ் நோயில் கிடந்தபோது அவர் வந்து பார்த்ததும், அடக்கத்தன்று வந்து கண்ணீர் விட்டுச் சவத்தின்மேல் பொன்சரிகைத் துணி போர்த்ததும் மிஷன்காரர்கள் எழுதி வைத்த செய்திகள். கல்லறை இங்கே இல்லை. மிஷன் தோட்டத்துக் கோயிலில் இருக்கிறது. அதன்மேல் உள்ள கல்லில் சரபோஜி தாமே இங்கிலீஷில் சில பாட்டு வரிகள் எழுதி வெட்டச் செய்திருக்கிறார். யாப்பு கொஞ்சம் நொண்டும். தகப்பனை இழந்த பிள்ளை எழுதியது என்று தெரிந்துகொள்ள யாப்பு வேண்டியதில்லை.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஷ்வார்ட்ஸ் இறந்தது 1798 பிப்ரவரி 13. சரபோஜி பட்டத்துக்கு வந்தது அதே வருஷம் ஜூனில். ஆகவே, கட்டிலருகில் வந்து நின்றபோது அவர் ராஜா அல்ல. எப்போது ராஜாவாவோம் என்று தெரியாத இருபது வயசுப் பையன். கல்லில் இருக்கும் கம்பீரமெல்லாம் பிறகு வந்தது. கை மட்டும் அன்றைக்கு உள்ளது. இன்னொன்று: அவர் கிறிஸ்தவராகவில்லை. காசி யாத்திரை போனவர்; சாகும்வரை தம் குலதெய்வங்களைக் கும்பிட்டவர். தம் மதமல்லாத கோயிலில், தம் காசில், தம்மை ஒரு பாதிரியாரின் கட்டிலருகே நிற்க வைத்துக்கொண்டவர். இப்படியொரு ராஜாவை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் தஞ்சாவூர் நண்பர் ஒருவர் குறுக்கிட்டதையும் சொல்லிவிட வேண்டும். அவர் சரித்திரத்தில் கறாரான மனிதர். “அழுததெல்லாம் சரிதான் ஐயா. 1799-ல் என்ன ஆச்சு? மறு வருஷமே ராஜ்யத்தைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தாரா இல்லையா? கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டும் கையிலே. கையைப் பிடிச்சது யாரு, பிடிக்க வச்சது யாருன்னு பார்க்கணும்.”

அவர் சொல்வதில் தவறில்லை. உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் இதே கைதான். கும்பினிக்காரர்கள் அமர்சிங்கை இறக்கிச் சரபோஜியை ஏற்றியது பாதிரியாரின் அன்புக்காக மட்டுமல்ல. ஆனால் ஷ்வார்ட்ஸைக் கும்பினியின் ஏஜெண்டு என்று சொல்லிக் கணக்கை மூடிவிட என்னால் முடியவில்லை. 1780-க்குப் பிந்திய சண்டைக் காலத்தில் தஞ்சாவூர்க் கோட்டையில் தானியம் இல்லை. வெளியே நெல் இருக்கிறது. குடியானவர்கள் கொண்டுவர மறுக்கிறார்கள். ராஜா வாங்கினால் பணம் தருவதில்லை. இங்கிலீஷ்காரர்கள் வாங்கினாலும் அதே. கடைசியில் பாதிரியார் தம் பெயரில் கடிதம் எழுதினார்: பணத்துக்கு நான் ஜவாப்தாரி என்று. இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. நம் குடியானவன் சாமானியத்தில் யாரையும் நம்புகிறவன் அல்ல. ராஜாவையும் நம்பாமல், துரையையும் நம்பாமல், வேறு தேசத்திலிருந்து வந்த ஒரு கறுப்பங்கி மனிதனை அவன் நம்பினான். அந்தக் குடியானவர்களில் யாரையும் கல்லில் செதுக்கவில்லை. செதுக்கியிருந்தால் அவர்களாவது நிஜமாக அழுதிருப்பார்கள்.

நண்பரிடம் இதைச் சொன்னதற்கு, “நெல்லு விஷயம் சரி. ராஜ்ய விஷயம் வேற” என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட்டார். இன்றுவரை எங்களுக்குள் அந்த வழக்குத் தீரவில்லை.

அரண்மனை தர்பார் மண்டபத்தில் சரபோஜியின் வெள்ளைச் சலவைக்கல் சிலை ஒன்று இருக்கிறது, கைகூப்பி நிற்கிறது. எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூப்பிய கை எல்லாருக்கும் பொது. மாதாகோயில் சுவரில் உள்ள கை ஒருவருக்கு மட்டும் நீட்டியது.

மாதாகோயில் சுவருக்கு முன்னால் நான் நின்ற நேரத்தில் பெரியவர் துண்டால் பெஞ்சுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த பாங்கி அம்மாளின் கேள்வி நினைவுக்கு வந்தது. சரபோஜிக்குப் பெயர் இருக்கிறது, சரி. குழந்தைகள்?

“பெரியவரே, இந்த மூணு பிள்ளைகளும் யாருன்னு தெரியுமா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கேள்வி அவருக்கு வேடிக்கையாகப் படவில்லை. நெடுநாளாக யாரோ கேட்பார்கள் என்று காத்திருந்தவர் மாதிரி மெதுவாகப் பதில் சொன்னார்.

“சுவார்ட்ஸ் ஐயர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதான் ஐயா. எங்க தாத்தாவுக்குத் தாத்தா அந்தப் பள்ளிக்கூடத்திலேதான் படிச்சாராம். ஐயர் செத்தப்போ சின்னப் பிள்ளையாம். அவருதான் இதுன்னு சொல்ல முடியாது. இல்லேன்னும் சொல்ல முடியாது.”

கொஞ்சம் தயங்கினார். பிறகு அந்த மூவரில் ஒரு குழந்தையைக் காட்டினார்.

“இந்தப் பிள்ளையோட காது எங்க வீட்டுக் காதுன்னு எங்க பாட்டி சொல்லும்.”

ஃபிளாக்ஸ்மன் தஞ்சாவூருக்கு வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். லண்டன் பட்டறையில் எந்த ஊர்ப் பையனை உட்காரவைத்து இந்தக் காதைச் செதுக்கினாரோ! நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, வெளிச்சம் விழும்படி, எனக்குச் சௌகரியமாகக் கொஞ்சம் நின்றார். நான் அவர் காதைப் பார்த்தேன். பிறகு கல்லைப் பார்த்தேன். மறுபடி அவர் காதைப் பார்த்தேன்.

“இருக்கு” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு, அவர் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டார்.